தளத்தில் பிறக்கும் ஆழம்

நுழையும்முன்

தாள் தட்டையானது, கணினித்திரையும் தட்டையானது. எனினும், அவற்றில் வரையப்பட்ட குடம் உருண்டு திரண்டிருப்பதாகவும் எழுத்து கல்லுக்குள் பதிந்திருப்பதாகவும் நம் கண் நம்புகிறது. இல்லாத ஆழத்தை இருப்பதாகக் காட்டும் இக்கலைக்கு இன்றைய வரைகலை மென்பொருள்கள் பல கருவிகளைத் தந்துள்ளன. கருவியை இயக்கக் கற்பது எளிது. கருவி காட்டும் ஆழம் மெய்யானதா எனக் கண்டறியக் கற்பதே தேவையானது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்லில் எழுதப்பட்ட ஓர் ஆவணத்தைத் துணைகொண்டு அதனைக் கற்போம்.

கல்லில் எழுதிய சட்டம்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஏரியும் வயல்களும் சூழ அமைந்த ஊர் உத்திரமேரூர். இங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோவிலின் சுவர்கள் ஊராட்சியின் சட்டநூலாகவும் திகழ்கின்றன. முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், இவ்வூர்ச் சபையார் மேற்கொண்ட தீர்மானங்கள் அக்கருங்கற்சுவரில் வெட்டப்பட்டுள்ளன. வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை அவை விரிவாக எடுத்துரைக்கின்றன.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுடையோரின் பெயர்களை ஓலைகளில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டிக் குடத்தில் இட்டனர். குடத்துள் இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு ஓர் ஓலைக்கட்டை எடுக்கச் செய்தனர். அக்கட்டிலுள்ள ஓலைகளை வேறொரு குடத்தில் இட்டுக் குலைத்து, அதிலிருந்து ஓர் ஓலையை அச்சிறுவனே எடுத்தான். அதனைப் பெற்றுக்கொள்ளும் மத்தியஸ்தன், ஐந்து விரல்களையும் அகல விரித்த உள்ளங்கையில்தான் வாங்கவேண்டும் என்று கல்வெட்டு விதிக்கிறது. கைக்குள் வேறோர் ஓலையை மறைத்து வைத்திருக்கவில்லை என்பதை அவையோர் அனைவரும் காணவேண்டும் என்பதே அவ்விதியின் நோக்கம். நிலம், கல்வி, வயது முதலிய தகுதிகளால் இம்முறை ஒரு சிலருக்கே உரியதாக இருந்தது. இன்றைய மக்களாட்சியின் பரப்பு அதற்கு இல்லை. ஆயினும், ஒளிவுமறைவற்ற நடைமுறைமீது அச்சபை கொண்டிருந்த அக்கறை இன்றும் நம்மை வியக்க வைக்கிறது.

இந்நிகழ்வைப் பள்ளிக் கண்காட்சிக்கு ஒரு படமாக வரைய வேண்டும் எனக் கொள்வோம். அதற்கு மூன்று பொருள்கள் தேவை: ஓர் ஓலை, ஒரு குடம், கல்லில் வெட்டிய ஓர் எழுத்து. ஓலைக்கு வேண்டியது கனம். குடத்திற்கு வேண்டியது திரட்சி. எழுத்திற்கு வேண்டியது பள்ளம். முப்பரிமாணத் தோற்றத்தை உருவாக்கும் மூன்று அடிப்படை வழிகளும் இம்மூன்று பொருள்களுக்குள் அடங்கிவிடுகின்றன.

கோடுகளின் கணக்கு

கணினியில் படத்தைச் சேமிக்க இரு வழிகள் உள்ளன. ஒன்று, படத்தைச் சிறு சிறு படப்புள்ளிகளாகப் பகுத்து, ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறித்து வைப்பது. ஒளிப்படம் இவ்வாறு சேமிக்கப்படுகிறது. அதனை மிகப் பெரிதாக்கினால் புள்ளிகள் கட்டம் கட்டமாகத் தெரியத் தொடங்கும். மற்றொன்று, வடிவத்தின் கணக்கை மட்டும் குறித்து வைப்பது. ‘இப்புள்ளியிலிருந்து அப்புள்ளிவரை இவ்வாறு வளைந்து செல்லும் கோடு, அதனுள் இந்நிறம்’ என்பது அக்கணக்கு. இதுவே வெக்டர் ஓவியம். கணக்கு மாறாததால், தபால்தலை அளவில் வரைந்த எழுத்தைச் சுவரளவு பெரிதாக்கினாலும் அதன் விளிம்பு சிதைவதில்லை.

வெக்டர் ஓவியத்தின் உயிர்நாடி வளைகோடு. பிரான்சின் மகிழுந்து நிறுவனங்களான ரெனோவில் பியேர் பெசியேவும் சித்ரோயனில் பால் தெ காஸ்தெல்ஜோவும், வண்டியின் உடற்பகுதி வளைவுகளைக் கணக்கால் விவரிக்கும் வழியைத் தனித்தனியே கண்டறிந்தனர். அவ்வளைகோடு இன்று பெசியேவின் பெயரால் வழங்குகிறது. தொடக்கப்புள்ளி, முடிவுப்புள்ளி, வளைவை இருபுறமும் இழுக்கும் இரு கைப்பிடிப் புள்ளிகள் ஆகிய நான்கைக் கொண்டே ஒரு வளைகோட்டை முழுமையாகக் கூறிவிடலாம். 1987இல் வெளிவந்த அடோபி இல்லஸ்ட்ரேட்டர், 1989இல் வெளிவந்த கோரல்டிரா, 2003இல் தோன்றிய கட்டற்ற மென்பொருளான இங்க்ஸ்கேப் ஆகிய யாவும் இவ்வளைகோட்டை அடிப்படையாகக் கொண்டவையே. கட்டணமின்றிப் பெறத்தக்கது என்பதால் இங்க்ஸ்கேப்பைச் சிற்றூர்ப் பள்ளியின் கணினியிலும் நிறுவிக்கொள்ளலாம்.

ஓலை: நீட்டிப் பெறும் கனம்

முதலில் ஓலையை வரைவோம். ஒரு நீண்ட செவ்வகம் போதும். அதற்குக் கனம் தரும் கருவியை மென்பொருள்கள் எக்ஸ்ட்ரூட் என்று அழைக்கின்றன. முன்தளத்தைப் பின்னோக்கி நீட்டுதல் என்பது இதன் பொருள். தொலைவில் ஒன்றுகூடுவதுபோல் தோன்றும் இருப்புப்பாதைத் தண்டவாளங்களை நினைவுகூருங்கள். அவை கூடுவதாகத் தோன்றும் இடம் மறையும்புள்ளி எனப்படும். வடிவத்தின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் மறையும்புள்ளியை நோக்கி ஒரு கோடு செல்கிறது. அக்கோட்டில் குறிப்பிட்ட பங்கு தொலைவில் பின்தளத்தின் மூலை அமைகிறது.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். ஓலையின் கீழ் இடமூலை (40, 60), கீழ் வலமூலை (120, 60), மறையும்புள்ளி (200, 300) என்க. உயரத்தைக் கீழிருந்து மேலாக அளப்போம். நான்கில் ஒரு பங்கு தொலைவு நீட்டினால், இடமூலை கிடையாக 160இல் நான்கில் ஒரு பங்காகிய 40உம், செங்குத்தாக 240இல் நான்கில் ஒரு பங்காகிய 60உம் நகர்ந்து (80, 120) ஆகும். வலமூலை அவ்வாறே (140, 120) ஆகும். முன்பக்கம் 80 அளவு அகலமாக இருந்த ஓலை பின்பக்கம் 60 ஆகக் குறுகிவிட்டது. தொலைவிலுள்ளது சிறுத்துத் தோன்றும் என்ற இயற்கை விதி இவ்வாறு எளிய பின்னக் கணக்காகிவிடுகிறது. கோரல்டிராவில் மறையும்புள்ளியைச் சுட்டியால் பிடித்து இழுக்கும்போது நிகழ்வது இக்கணக்கே. இங்க்ஸ்கேப்பின் முப்பரிமாணப் பெட்டிக் கருவியும் இவ்வடிப்படையிலேயே இயங்குகிறது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. நான்கில் ஒரு பங்கு நீட்டினால் ஓலை, பலகையாகிவிடும். நாற்பதில் ஒரு பங்கு நீட்டினால் மூலைகள் (44, 66), (122, 66) என அமைந்து, ஓலையின் மென்மை காக்கப்படும். கருவி எவ்வளவு நீட்டினாலும் மறுக்காது; பொருளின் இயல்பை அறிந்து அளவை உறுதிசெய்வது வரைபவரின் பொறுப்பு.

வடிவம் அமைந்தபின் அதன் பக்கங்களுக்கு ஒளி தரவேண்டும். ஒரு தளத்தின்மீது ஒளி நேராக விழுந்தால் அது மிகுதியாக ஒளிரும். சாய்ந்து விழுந்தால் குறைவாக ஒளிரும். ஒளி வரும் திசைக்கும் தளத்தின் செங்குத்துக் கோட்டிற்கும் இடைப்பட்ட கோணத்தின் கொசைன் மதிப்பே அவ்வொளிர்வின் அளவு என அறிஞர் லாம்பர்ட் 1760இல் வெளியிட்ட தம் நூலில் வகுத்துரைத்தார். நேராக விழுந்தால் முழு ஒளி. 60 பாகை சாய்ந்தால் பாதி ஒளி. 90 பாகையில் ஒளியே இல்லை. நம் படத்தில் ஒளி மேல் இடப்புறத்திலிருந்து வருவதாகக் கொண்டால், ஓலையின் மேற்பக்கம் மிக வெளிறியும் முன்பக்கம் நடுத்தர நிறத்திலும் வலப்பக்கம் கருத்தும் அமைய வேண்டும். சுற்றுப்புறத்திலிருந்து சிதறி வரும் ஒளியும் உண்டாதலால் எப்பக்கத்தையும் முழுக்கறுப்பாக விடலாகாது.

குடம்: சுழற்றிப் பெறும் திரட்சி

குடத்திற்கு மூலைகள் இல்லை; ஆகவே நீட்டும் கருவி அதற்குப் பொருந்தாது. குயவரின் சக்கரத்தை நினைத்துப் பாருங்கள். சுழலும் மண்ணின் ஒரு பக்கத்தில் கை வைத்தால் போதும். அவ்வளைவு குடத்தைச் சுற்றிலும் ஒரே அளவாக அமைந்துவிடுகிறது. மென்பொருளின் சுழற்றுகருவி செய்வதும் அதுவே. குடத்தின் வாய், கழுத்து, தோள், வயிறு, அடி ஆகியவற்றைக் காட்டும் பாதி வெளிக்கோட்டை மட்டும் வரைந்து, அதனை ஒரு செங்குத்து அச்சைச் சுற்றிச் சுழலச் செய்தால் முழுக்குடம் கிடைக்கும். இல்லஸ்ட்ரேட்டரில் இது ரிவால்வ் எனப்படும்.

இக்கருவி இல்லாத மென்பொருளிலும் குடம் வரையலாம். குடத்தின் வாய் உண்மையில் வட்டம். பார்க்கும் கோணத்தால் அது நீள்வட்டமாகத் தெரிகிறது. நேர்மேலிருந்து பார்த்தால் வட்டம். கண் மட்டத்தில் வைத்துப் பார்த்தால் வெறுங்கோடு. கிடைமட்டத்திலிருந்து 30 பாகை உயரத்திலிருந்து பார்த்தால், அப்பாகையின் சைன் மதிப்பு அரை என்பதால், நீள்வட்டத்தின் உயரம் அகலத்தில் பாதியாகும். வாயின் அகலம் 60 என்றால் உயரம் 30. வாயை நீள்வட்டமாக வரைந்துவிட்டு அடியை நேர்கோடாக முடிப்பது தொடக்கநிலையில் பலரும் செய்யும் பிழை. மேலிருந்து பார்க்கும் அதே கண்தான் அடியையும் பார்க்கிறது. ஆகவே அடியும் வளைந்தே தெரியும்.

அடுத்து, நிறச்சரிவு. மென்பொருளில் கிரேடியன்ட் எனப்படும் இக்கருவி, ஒரு நிறத்தை மற்றொரு நிறமாகப் படிப்படியாக மாற்றுகிறது. இடவிளிம்பில் வெளிச்சமும் வலவிளிம்பில் கருமையும் வைத்தால் குடம், வளைந்த தகடுபோலத்தான் தோன்றும். ஒரு மண்குடத்தைச் சன்னலருகில் வைத்து உற்றுநோக்குங்கள். மிகுந்த வெளிச்சம் விளிம்பில் இல்லை. ஒளி வரும் திசையில், விளிம்பிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. மிகுந்த கருமையும் எதிர்விளிம்பில் இல்லை. அதற்குச் சற்று முன்னரே முடிந்துவிடுகிறது. தரையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பும் ஒளி அவ்விளிம்பை மெல்ல வெளிறச் செய்வதே இதற்குக் காரணம். ஆகவே நடுத்தர நிறம், வெளிச்சம், கருமை, மீண்டும் நடுத்தர நிறம் என நான்கு நிறுத்தங்களுடன் நிறச்சரிவை அமைத்தால் குடம் திரண்டு நிற்கும்.

இறுதியாகத் தரைநிழல். ஒளிக்கு எதிர்ப்புறத்தில், குடத்தின் அடியைத் தொட்டவாறு அது தொடங்க வேண்டும். தொடும் இடத்தில் கருமையாகவும் விலக விலக மங்கியும் அமைய வேண்டும். நிழலுக்கும் அடிக்கும் இடையில் சிறு இடைவெளி விட்டாலும் குடம் காற்றில் மிதக்கும்.

எழுத்து: ஒளி செதுக்கும் பள்ளம்

மூன்றாவது பொருளே மிகுந்த கவனத்தை வேண்டுவது. கல்லெழுத்தின் கோடு ஒரு சிறு வாய்க்கால் போன்றது. அதற்கு இரு கரைகள் உண்டு. ஒளி மேல் இடப்புறத்திலிருந்து வரும்போது, பள்ளத்தின் மேல் இடக்கரை நிழலில் மறைகிறது. கீழ் வலக்கரை ஒளியை நேரே ஏற்கிறது. புடைத்து நிற்கும் எழுத்திலோ இது தலைகீழாகும்: மேல் இடவிளிம்பு ஒளிரும், கீழ் வலவிளிம்பு கருக்கும்.

இதனை எம்மென்பொருளிலும் மூன்று படிகளைக் கொண்டு உருவாக்கலாம். எழுத்தின் வடிவத்தை மூன்று படிகள் எடுங்கள். ஒன்றுக்குக் கல்லின் நிறத்தைவிடக் கருத்த நிறம் தந்து, சற்றே மேல் இடப்புறம் நகர்த்துங்கள். இரண்டாவதற்கு வெளிறிய நிறம் தந்து, அதே அளவு கீழ் வலப்புறம் நகர்த்துங்கள். மூன்றாவதற்குக் கல்லின் நிறம் தந்து, நகர்த்தாமல் அவ்விரண்டின்மீதும் வையுங்கள். எழுத்து கல்லுக்குள் இறங்கிவிடும். கருமையையும் வெளிச்சத்தையும் இடமாற்றினால் அதே எழுத்து கல்லின்மேல் எழுந்து நிற்கும். பெவல் எனப்படும் சரிவுவிளிம்புக் கருவியில் ஒளியின் கோணத்தை 135 பாகையிலிருந்து 315 பாகைக்கு மாற்றும்போது இதே மாற்றம் நொடியில் நிகழ்கிறது.

தெரிந்து தெளிவோம்

கல்வெட்டின் ஒளிப்படம் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். பள்ளமான எழுத்துகள் பல வேளைகளில் புடைத்தெழுந்தவைபோல் தோன்றும். நிலவின் பள்ளங்களைக் காட்டும் படங்களும் அவ்வாறே மேடுகளாக மாறித் தெரியும். ஒளி மேலிருந்தே வருகிறது எனக் கொள்வது நம் மூளையின் பழக்கம். ஞாயிறு மேலிருந்து ஒளிரும் உலகில் வாழும் கண்ணுக்கு அப்பழக்கம் இயல்பானது.

இங்குதான் வரைபவரின் பொறுப்பு தொடங்குகிறது. ஒரு படத்தில் குடத்திற்கு இடப்புற ஒளியும் எழுத்திற்கு வலப்புற ஒளியும் தந்தால், பார்ப்பவர் பிழையை உடனே சுட்டிக்காட்டாமல் போகலாம். ஆனால், வெட்டப்பட்ட எழுத்தை அவர் புடைத்த எழுத்தாகப் புரிந்துகொள்வார். கல்லின் உண்மையைப் படம் மாற்றிச் சொல்லிவிடுகிறது. எனவே வரையத் தொடங்கும் முன்னரே தாளின் மூலையில் ஒரு சிறு அம்புக்குறி இட்டு, ஒளி வரும் திசையைக் குறித்துக்கொள்க. படத்தின் எல்லாப் பொருள்களும் அவ்வோர் அம்புக்குறிக்குக் கட்டுப்பட வேண்டும்.

மைப்படியும் மென்பொருளும்

எழுத்தின் வடிவத்தை எங்கிருந்து பெறுவது? கணினியிலுள்ள இன்றைய எழுத்துருவைத் தட்டச்சு செய்து சரிவுவிளிம்பு தருவது எளிது. ஆயின், அது பத்தாம் நூற்றாண்டின் எழுத்தாகாது. அக்காலத் தமிழ் எழுத்துகளின் வடிவங்கள் பல இன்றைய வடிவங்களிலிருந்து வேறுபட்டவை. கல்வெட்டுகளில் மெய்யெழுத்துகளின் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வேறுபடுத்தும் இன்றைய முறையும் அக்காலத்தில் இல்லை. இடம் நோக்கியே பொருள் கொள்ள வேண்டும். மேலும், உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் தமிழோடு கிரந்த எழுத்துகளும் கலந்துள்ளன.

தொல்லியலாளர் பின்பற்றும் மைப்படி முறை இதற்கு வழிகாட்டுகிறது. கல்லைத் தூய்மை செய்து, ஈரத்தாளை அதன்மீது ஒட்டி, தூரிகையால் மெல்லத் தட்டுவர். தாள், எழுத்தின் பள்ளங்களுக்குள் இறங்கிப் படியும். பின்னர் மை தோய்த்த ஒற்றியால் தாளின்மீது ஒற்றுவர். மேடான கற்பரப்பு கருமையாகப் பதியும். பள்ளமான எழுத்து வெண்மையாக நிற்கும். ஆழத்தைத் தட்டையான தாளுக்கு மாற்றும் மிக நேர்மையான வழி இது. இதில் ஒளியின் திசை என்பதே இல்லை. கல் எங்கே தாழ்ந்ததோ, அங்கே தாள் வெளுத்தது. அவ்வளவே.

வெளியிடப்பட்ட மைப்படியின் படத்தை மென்பொருளில் அடித்தளமாக வைத்து, அதன்மீது வளைகோட்டால் எழுத்தைப் படியெடுக்கலாம். தானாகப் படியெடுக்கும் வசதியும் உண்டு. ஆனால் அதற்கு எழுத்தும் கல்லின் கீறலும் ஒன்றே. மைப்படியில் வெண்மையாகத் தெரியும் அனைத்தையும் அது எழுத்தென்றே கொண்டு வளைகோடாக்கிவிடும். கையால் படியெடுப்பவர் ஒவ்வோர் இடத்திலும், ‘இது உளி வெட்டியதா, காலம் சிதைத்ததா?’ என வினவி முடிவு செய்கிறார். சிதைந்த இடத்தில் எழுத்து இன்னதாக இருந்திருக்கலாம் எனத் தோன்றினாலும், அதனைப் பிற எழுத்துகளைப்போல் செதுக்கிக் காட்டலாகாது. புள்ளிக்கோட்டாலோ வேறு நிறத்தாலோ வரைந்து, அது ஊகம் என்பதைப் பார்ப்பவர் அறியச் செய்ய வேண்டும்.

விளைவும் உருவும்

நாம் இதுவரை உருவாக்கியவை முப்பரிமாண உருவங்கள் அல்ல, முப்பரிமாண விளைவுகள். மூன்று படிகளால் செதுக்கிய எழுத்திற்கு நீளமும் அகலமும் மட்டுமே உண்டு. மூன்றாம் அளவாகிய ஆழம், நிறத்தின் வேறுபாடாகவே இருக்கிறது. கையால் வரைந்த குடத்தைத் திருப்பி அதன் பின்புறத்தைக் காண இயலாது. பிளெண்டர் போன்ற முப்பரிமாண மென்பொருளிலோ ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று அளவுகள் உண்டு. எத்திசையிலிருந்தும் அவ்வுருவைப் பார்க்கலாம். ஆயினும் நூலின் பக்கம், சுவரொட்டி, அழைப்பிதழ், பெயர்ப்பலகை ஆகியவற்றுக்கு விளைவே போதுமானது. சில கோடுகளாலும் சில நிறங்களாலும் பொருளின் இயல்பை உணர்த்திவிட முடிவது வெக்டர் ஓவியத்தின் சிக்கனம்.

அச்சிக்கனத்தில் ஒரு கடமையும் அடங்கியுள்ளது. உண்மையான ஆழத்தை ஒளியே வெளிப்படுத்திவிடும். வரைந்த ஆழத்திற்கோ வரைந்தவரே பொறுப்பு. ஒவ்வொரு நிழலும் ‘நான் எந்த ஒளியால் பிறந்தேன்?’ என்னும் வினாவிற்கு விடை கூறவேண்டும். விடை கூற இயலாத நிழல் வெறும் ஒப்பனை. உத்திரமேரூர்ச் சபையில் முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் குடவோலையில் இடம்பெற இயலாது. ஐந்து விரல்களையும் விரித்து ஓலையை வாங்கியவர், தம் கையில் மறைப்பேதும் இல்லை என அனைவருக்கும் காட்டினார். அந்நிகழ்வைப் படமாக்கும் நம் கையும் அவ்வாறே விரிந்திருக்க வேண்டும். கல்லில் இருந்தது எது, நாம் சேர்த்தது எது, ஒளி வந்த திசை எது என்பவை படத்தைக் காண்போர் அனைவருக்கும் தெளிவாகத் தெரியட்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பெயரின் முதலெழுத்தை மூன்று படிகள் எடுத்து, ஒருமுறை பதிந்த எழுத்தாகவும் ஒருமுறை புடைத்த எழுத்தாகவும் வரைக. இரண்டையும் தலைகீழாகத் திருப்பி, நீங்கள் கண்ட மாற்றத்தை வகுப்பில் கூறுக.

2. உங்கள் ஊர்க் கோவிலிலோ அருங்காட்சியகத்திலோ உள்ள கல்வெட்டு ஒன்றைக் காலை, நண்பகல், மாலை ஆகிய வேளைகளில் தொடாமல் உற்றுநோக்குக. எவ்வேளையில் எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன என்பதைக் காரணத்துடன் எழுதுக.

3. ‘அழகுக்காகப் பழைய ஆவணத்தை மாற்றி வரையலாமா?’ என்னும் தலைப்பில் குழுவாகக் கலந்துரையாடுக.